வடலிப் பருவம்

"நீ எப்பொழுது இரட்சிக்கப்பட்டாய்?"

எங்கள் ஊர்ப் பக்கம் கிறிஸ்தவ இளைஞர் இருவர் புதிதாகச் சந்தித்தால், பேரும் படிப்பும் கேட்டபின் அடுத்துக் கேட்கும் கேள்வி இதுதான். நாளும் மாதமும் சொல்லி விடை கூறுவாரும் உண்டு. நானும் அப்படிச் சொல்லி வந்தவனே.

திருச்செந்தூருக்கு மேற்கே, தேரிக்காட்டின் ஓரத்தில், பனைகளுக்கு நடுவே அமைந்த சிற்றூர் எங்களுடையது. எனக்குப் பதினேழு வயதான ஆண்டின் கோடை விடுமுறையில், பக்கத்து ஊரில் மூன்று நாள் கன்வென்ஷன் கூட்டம் நடந்தது. கடைசி நாள் இரவு, பெருங்கூட்டத்தின் நடுவே நான் எழுந்து நின்றேன், அழுதேன். என் பாவச் சுமையை இயேசு பெருமான் ஏற்றுக்கொண்டார் என்று அந்த வேளையில் உள்ளம் உறுதியாக உணர்ந்தது. வீட்டுக்கு வந்ததும் என் வேதாகமத்தின் முதல் வெற்றுத் தாளில் அந்த நாளைக் குறித்து, அதன் கீழே கையெழுத்தும் இட்டேன்.

அந்த இரவு பொய்யன்று. இன்றும் அதை நான் மறுக்கமாட்டேன். ஆனால் அந்தக் கையெழுத்தோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று எண்ணினேனே, அதுதான் என் பிழை. பிறந்த நாளைப் பதிவேட்டில் எழுதிவிட்டுப் பிள்ளைக்குச் சோறு ஊட்ட மறந்த வீடு போல ஆயிற்று என் கதை. அந்தக் கதையையே இங்கே சொல்லப் புகுகின்றேன்.

நம் மன்ற மலரைப் படிப்போர் பல சமயத்தினர். சமயமே வேண்டாம் என்போரும் நம்மிடையே உள்ளனர். இக்கட்டுரை யாரையும் மதம் மாற்ற எழுந்ததன்று. ஒரு நூலை எப்படிப் படிப்பது, படித்தது நம்மை என்ன செய்யும் என்பது எல்லார்க்கும் பொதுவான கேள்வி அல்லவா? படிப்பதோடு நில்லாமல், படித்ததற்கு ஏற்ப நடக்கவும் வேண்டும் என்பது வள்ளுவர் கருத்து. அந்த அளவில் நண்பர்கள் இதை ஏற்றுக்கொள்ள வேண்டுகின்றேன்.

இரட்சிப்படைந்த பின் நான் வேதாகமம் படிக்கவில்லை என்று சொல்ல முடியாது. படித்தேன், ஆனால் கடலைப் பருப்பைக் கொறிப்பது போல் படித்தேன். புத்தாண்டு பிறக்கும் நள்ளிரவு ஆராதனையில் வாக்குத்தத்த அட்டை ஒன்றை எடுப்போம். அதில் ஒரு வசனம் அச்சிட்டிருக்கும். ஓராண்டுக்கு அதுவே நம் பங்கு. தேர்வுக்கு முன் ஒரு வசனம், காய்ச்சலுக்கு ஒரு வசனம், வாதத்தில் வெல்வதற்கு ஒரு வசனம் என்று ஒவ்வொன்றும் தனித்தனியே எனக்கு மனப்பாடம். ஆனால் அந்த வசனத்துக்கு முன்னே என்ன இருக்கிறது, பின்னே என்ன இருக்கிறது, அதை யார் யாருக்கு எழுதினார் என்று கேட்டால் விழிப்பேன். வசனங்களுக்கு இன்று நாம் காணும் எண்களைப் புதிய ஏற்பாட்டில் இட்டவர் இராபர்ட் எத்தியேன் என்னும் அச்சகத்தார், ஆண்டு 1551. பவுல் அப்போஸ்தலர் எழுதியபோது எண்கள் இல்லை. அவர் எழுதியவை கடிதங்கள். கடிதத்தை யாராவது நடுவிலிருந்து ஒரு வரி எடுத்துப் படிப்பார்களா? நான் ஐந்தாண்டு அப்படித்தான் படித்தேன்.

சென்ற ஆண்டுக்கு முந்திய ஆண்டு தாவரவியல் முதுகலை படிக்கத் தில்லிக்கு வந்தேன். ஊரில் ஆலய மணியும், அம்மாவின் அதிகாலை ஜெபமும், ஓய்வுநாள் பள்ளியும் என்னைத் தாங்கி நின்றன. இங்கே அவை ஒன்றும் இல்லை. ஆறு மாதத்துக்குள் என் பக்தி காற்றுப் போன பந்து போல் ஆகிவிட்டது. ஞாயிறு காலை விடுதியில் துணி துவைப்பதே வழிபாடாயிற்று. யாராவது கேட்டால் மட்டும், பதினேழாம் வயது இரவைச் சொல்லித் தப்பித்துக்கொள்வேன்.

இன்னொன்றையும் நான் மறைக்கலாகாது. அப்போது என் அண்ணனோடு எனக்குப் பேச்சு இல்லை.

அம்மா சீட்டுக் கட்டிச் சேர்த்த அறுபதாயிரம் ரூபாய், என் மேற்படிப்புக்கென்று வைத்திருந்தது. அண்ணன் அதை அம்மாவிடம் கேட்டு வாங்கி, நண்பர் ஒருவரோடு சேர்ந்து உப்பு வியாபாரத்தில் போட்டார். அந்த ஆண்டு மழை தவறிப் பெய்தது; பாத்தியில் உப்பு கரைந்தது; பணமும் கரைந்தது. நான் பட்டப்படிப்பு முடித்த ஆண்டு மேலே சேர முடியவில்லை. ஓராண்டு முழுதும் ஒரு தனிப்பயிற்சி நிலையத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிப் பணம் சேர்த்தேன். அந்த ஓராண்டில் அண்ணனிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தில்லிக்கு வந்த பின்னும் அப்படியே. அவர் கடைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்துத்தான் அம்மாவை அழைப்பேன். ஆனாலும் நான் இரட்சிக்கப்பட்டவன். அதில் எனக்கு ஐயம் இருந்ததில்லை.

ஒருநாள் செய்முறை வகுப்பில் நிகழ்ந்ததைச் சொல்ல வேண்டும். அன்று மூக்கிரட்டைத் தண்டின் குறுக்குவெட்டு. நம் ஊரில் கீரையாகச் சமைக்கும் அதே மூக்கிரட்டைதான். அதன் தண்டில் வாஸ்குலார் கற்றைகள் மூன்று வட்டமாக அமைந்திருக்கும்; உள்வட்டத்தில் பெரியன 2, நடுவட்டத்தில் 6 முதல் 14 வரை, வெளிவட்டத்தில் 15 முதல் 20 வரை என்பது பாடநூல் கணக்கு. நான் மெல்லிய சீவல் எடுத்து, சாயம் ஏற்றி, நுண்ணோக்கியில் ஒரு முறை கண் வைத்துவிட்டு, அழகான படம் ஒன்று வரைந்து நீட்டினேன். ஆசிரியை கேட்டார்: "நடுவட்டத்தில் எத்தனை?" பதினான்கு என்றேன். "எண்ணிப் பார்த்தாயா?" என்றார். எண்ணினேன். ஒன்பதுதான் இருந்தன. "இது புத்தகத்தின் படம், உன் தண்டின் படம் அன்று. நீ கற்றதை வரைந்தாய், கண்டதை வரை" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

அன்று எனக்கு வெட்கமாயிருந்தது, அவ்வளவுதான். அந்தச் சொல் எங்கே போய்த் தைக்கும் என்று அப்போது தெரியவில்லை.

எங்கள் விடுதியில் மிசோரத்திலிருந்து வந்த ஆராய்ச்சி மாணவர் ஒருவர் இருக்கிறார், பௌதிகத் துறை. வயதில் மூத்தவர், மிகக் குறைவாகப் பேசுபவர். சென்ற குளிர்காலத் தொடக்கத்தில் அவர் என்னைக் கூப்பிட்டு, "வியாழக்கிழமை இரவு ஒன்பது மணிக்கு என் அறையில் வேதம் படிக்கிறோம், தேநீரும் உண்டு" என்றார். தேநீருக்காகப் போனேன் என்றே சொல்ல வேண்டும். நால்வர் இருந்தோம். திருவல்லாவிலிருந்து வந்தவர் மலையாளத்திலும், ராஞ்சியிலிருந்து வந்தவர் இந்தியிலும், அறைக்காரர் மிசோவிலும், நான் தமிழிலும் வேதம் வைத்திருந்தோம். பேசிக்கொள்வது மட்டும் ஆங்கிலமும் உடைந்த இந்தியும்.

எடுத்த நூல் பிலேமோனுக்குப் பவுல் எழுதிய கடிதம். இதைவிடச் சிறியது பவுலின் கடிதங்களில் இல்லை. ஒரே அதிகாரம், 25 வசனம். இதை எட்டு வாரம் படிக்கப்போகிறோம் என்றார் அவர். எனக்குச் சிரிப்பு வந்தது. எட்டு நிமிடத்தில் முடியக்கூடியதற்கு எட்டு வாரமா?

அவர் வைத்த முறை எளியது. முதலில், என்ன எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. அடுத்து, அது எழுதப்பட்டவருக்கு என்ன பொருள் தந்திருக்கும் என்று ஆராய்வது. கடைசியில், அதனால் நான் செய்ய வேண்டியது என்ன என்று கேட்பது. முதற்படி முடியாமல் இரண்டாவதற்குப் போகக்கூடாது. விளக்கவுரை நூல்களைக் கடைசி வாரம்தான் திறக்கலாம்.

முதல் வாரம் நால்வரும் முறை வைத்து முழுக் கடிதத்தையும் அவரவர் மொழியில் உரக்கப் படித்தோம். பிறகு, கண்டதை எழுதச் சொன்னார். நான் முதல் வரியிலேயே, "ஒநேசிமு எசமானிடம் திருடிக்கொண்டு ஓடிப்போன அடிமை" என்று எழுதினேன். ஊரில் எத்தனையோ பிரசங்கங்களில் கேட்டதாயிற்றே! அவர் என் தாளைப் பார்த்து, "திருடினான் என்று எந்த வசனத்தில் இருக்கிறது?" என்று கேட்டார். தேடினேன். இல்லை. பதினெட்டாம் வசனத்தில் பவுல் சொல்வதெல்லாம், அவன் உமக்கு அநியாயம் ஏதும் செய்திருந்தால், கடன் ஏதும் பட்டிருந்தால் என்பதே. 'இருந்தால்' என்ற சொல்லை நான் இத்தனை ஆண்டும் பார்த்ததே இல்லை. திருடினான் என்பது அறிஞர் சிலரும் கொண்ட ஊகமாக இருக்கலாம். ஆயினும் அது கடிதத்தில் இல்லை.

எனக்கு மூக்கிரட்டைத் தண்டு நினைவுக்கு வந்தது. கற்றதை வரைந்துவிட்டேன், கண்டதை வரையவில்லை.

அன்றுமுதல் நான் உண்மையாகப் படிக்கத் தொடங்கினேன் எனலாம். அடுத்த வாரம் கடிதத்தில் வரும் ஆட்களை எண்ணினோம். எழுதுபவர் பவுல், உடன் தீமோத்தேயு. பெறுபவர் பிலேமோன், உடன் அப்பியாள், அர்க்கிப்பு. நடுவே ஒநேசிமு. முடிவில் வாழ்த்துக் கூறுவோர் எப்பாப்பிரா, மாற்கு, அரிஸ்தர்க்கு, தேமா, லூக்கா. ஆகப் பதினொருவர். இவ்வளவு சிறிய கடிதத்தில் இத்தனை பேர் ஏன்? இரண்டு மனிதர்க்கிடையே உள்ள வழக்கு, அவ்விருவரோடு மட்டும் நிற்பதில்லை போலும்! யாரைப் பற்றிக் கடிதம் எழுதப்பட்டதோ அந்த ஒநேசிமுவின் பெயர் பத்தாம் வசனத்தில்தான் முதன்முதலாக வருகிறது என்பதை ராஞ்சி நண்பர் கண்டார். கசந்து நிற்கும் ஒருவர் முன் ஒரு பெயரைச் சொல்லுமுன் எவ்வளவு தூரம் நடந்து வரவேண்டியிருக்கிறது! அந்தப் பெயருக்குக் கிரேக்க மொழியில் 'பயனுள்ளவன்' என்பது பொருள். அதை வைத்துப் பவுல் ஒரு சிலேடையும் செய்கிறார்: பயனற்றுப் போனவன் இப்போது பேருக்கு ஏற்றவன் ஆனான் என்று.

எல்லாம் எளிதாகத் தெளிந்துவிடவில்லை. "அடிமை முறையே தவறு என்று பவுல் ஏன் நேரே எழுதவில்லை?" என்று திருவல்லா நண்பர் ஒரு வாரம் கேட்டார். அமெரிக்காவில் அடிமை முறையை ஆதரித்தவரும் எதிர்த்தவரும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதே கடிதத்தை எடுத்துக்காட்டி வாதாடினார்கள். இரவு பன்னிரண்டு மணி வரை பேசியும் அக்கேள்வி தீரவில்லை. அடிமையாக அன்று, அன்புச் சகோதரனாக அவனை ஏற்றுக்கொள் என்னும் பதினாறாம் வசனக் கருத்து, அந்த வீட்டில் எசமான், அடிமை என்ற சொற்களை நெடுநாள் நிற்க விட்டிராது என்று மட்டும் எனக்குத் தோன்றியது. விடை தெரியாமலே ஒரு கேள்வியோடு இருக்கலாம் என்பதும் எனக்கு அன்று புதிய பாடம். முன்பானால் ஏதேனும் ஒரு வசனத்தை எடுத்து வீசி வாதத்தை முடித்திருப்பேன்.

ஐந்தாவது வாரம்தான் எனக்கு இடி விழுந்தது. "இக்கடிதம் யாருக்கு எழுதப்பட்டது? கடிதத்திலிருந்தே அவரைப் பற்றிச் சொல்" என்றார் மிசோ நண்பர். நான் படித்துக் கூறினேன். பிலேமோன் விசுவாசி. அவர் வீட்டிலேயே சபை கூடுகிறது. அவருடைய அன்பையும் விசுவாசத்தையும் கேள்வியுற்றுப் பவுல் கடவுளுக்கு நன்றி சொல்கிறார். அவரால் பலருடைய உள்ளம் இளைப்பாறியது.

"ஆக, இரட்சிக்கப்பட்ட மனிதர்?"

"ஆம்."

"அப்படியானால் இன்னும் ஏன் கடிதம்?"

நான் விடை சொல்லவில்லை. வீட்டில் சபை கூடும் மனிதருக்கும் மூடாத கணக்கு ஒன்று இருந்தது. அதைத் திறக்கவே கடிதம் போயிற்று. இரட்சிப்பு என்ற சொல்லால் நான் எதைப் பூட்டி வைத்திருந்தேனோ, அதன் வாசலிலே கொண்டுபோய் இந்த இருபத்தைந்து வசனமும் என்னை நிறுத்திவிட்டன.

அதோடும் விடவில்லை. பத்தொன்பதாம் வசனத்தில், அவன் பட்ட கடனை நானே தீர்ப்பேன் என்று தம் கையாலேயே எழுதும் பவுல், நீர் உம்மையே எனக்குக் கடன்பட்டிருக்கிறீர், அதை நான் பேசவில்லை என்று ஒரு சொல்லையும் போட்டு வைக்கிறார். பிலேமோன் கணக்கில் வரவு மட்டும் அன்று, பற்றும் இருந்தது!

அன்றிரவு படுக்கையில் நான் கணக்குப் பார்த்தேன். நான் ஒன்பதாம் வகுப்புப் படிக்கையில் அப்பா இறந்தார். அண்ணன் அப்போது பாலிடெக்னிக்கில் இறுதியாண்டு. இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் டிப்ளமா கையில் வந்திருக்கும். வீட்டில் அரிசி இல்லை. அண்ணன் படிப்பை விட்டுத் தூத்துக்குடியில் ஓர் உப்பு மண்டிக்குக் கணக்கு எழுதப் போனார். என் பள்ளிக் கட்டணம், கல்லூரிக் கட்டணம், முதன்முதலாக நான் போட்ட தோல் செருப்பு எல்லாம் அந்தச் சம்பளத்தில் வந்தவை. அவர் எனக்குத் தரவேண்டிய அறுபதாயிரம் எனக்குத் தலைகீழ்ப் பாடம். நான் அவருக்குத் தரவேண்டியதை எந்நாளும் எழுதி வைத்ததில்லை.

மறுநாள் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தொலைபேசியில் பேச நா எழவில்லை. முதலில் எழுதியதைப் படித்துப் பார்த்தேன். நடந்ததையெல்லாம் வரிசைப்படுத்திய குற்றப் பத்திரிகையாக இருந்தது. கிழித்தேன். இரண்டாவதில், 'உன்னை மன்னித்துவிட்டேன்' என்று எழுதியிருந்தேன். அதைப் படித்தபோது நீதிபதியின் நாற்காலியிலிருந்து பேசுவது போல் ஒலித்தது. அதையும் கிழித்தேன். மூன்றாவது சிறியது. இரண்டாண்டாகப் பேசாதிருந்தது என் தவறு என்றும், அவர் விட்டுவந்த டிப்ளமாவுக்கு நான் ஒருநாளும் நன்றி சொன்னதில்லை என்றும், அந்தப் பணத்தை என் பேரிலேயே எழுதிக்கொள்ளும்படியும் எழுதி, அஞ்சலில் சேர்த்தேன்.

பதினொரு நாள் பதில் இல்லை. பன்னிரண்டாம் நாள் இரவு அம்மாவின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. எடுத்தால் அண்ணன் குரல்.

"என்னலே, அங்க குளிரு ரொம்பவோ?"

"ஆமாண்ணே."

"கம்பளி வச்சிருக்கியா?"

"இருக்குண்ணே."

சற்று நேரம் இரு பக்கமும் பேச்சில்லை. "சரி, அம்மாட்ட குடுக்கேன்" என்றார். அவ்வளவுதான். பணத்தைப் பற்றியோ கடிதத்தைப் பற்றியோ அவர் ஒன்றும் சொல்லவில்லை. இன்று வரையிலும் சொல்லவில்லை. ஆனால் இப்போது நான் நேரம் பார்த்து அழைப்பதில்லை.

பிலேமோன் என்ன செய்தார் என்பது அந்தக் கடிதத்திலும் இல்லை. ஒநேசிமுவை வாசலில் கண்டதும் முகம் திருப்பினாரா, கட்டிக்கொண்டாரா? எழுதியவர் தம் பங்கை எழுதி, வருவேன் என்று நம்பியிருக்கிறேன், தங்க இடம் ஆயத்தம் செய்யும் என்று சொல்லி முடித்துவிட்டார். எட்டாவது வாரம் இதைப் பேசித்தான் நாங்கள் கடிதத்தை மூடினோம்.

எங்கள் ஊரில் பனங்கொட்டையை மண்ணில் புதைத்தால் முளை மேலே வராது; முதலில் கீழ்நோக்கித்தான் போகும். அங்கே மண்ணுக்குள் கிழங்காகத் திரளும். தை மாதத்தில் நாம் தோண்டித் தின்பது அதைத்தான். தோண்டாமல் விட்டால் மேலே ஓலை விடும். ஆனால் பல ஆண்டு அடிமரம் தெரியாது. வெறும் ஓலைக் கொத்தாகத் தரையோடு நிற்கும் அதை வடலி என்போம். பதநீர் காணப் பத்துப் பதினைந்து ஆண்டு ஆகும். வடலியைப் பார்த்து, 'இதுவும் பனைதான்' என்றால் அது உண்மையே. ஆனால் 'வளர்ந்து முடிந்துவிட்டது' என்றால் எங்கள் ஊரில் சிரிப்பார்கள்.

புதிதாய்ப் பிறந்த பிள்ளைக்குப் பால் போன்றது வேதம். அதைக் குடித்து வளருங்கள் என்னும் கருத்தைப் பேதுரு தம் முதல் கடிதத்தில் எழுதியிருக்கிறார். பிறந்ததே போதும் என்று அவர் எழுதவில்லை. 1706-இல் தரங்கம்பாடி வந்திறங்கிய சீகன்பால்கு ஐயர், 1715-க்குள் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றி முடித்தார். முந்நூறு ஆண்டுகளாக நம் மொழியில் இருக்கும் நூலை, தமிழே கேளாத ஒரு விடுதி அறையில்தான் நான் முதன்முதலாக ஒழுங்காகப் படித்தேன். இதை நினைக்கும்போது நாணமும் உண்டு; நன்றியும் உண்டு.

என் வேதாகமத்தின் முதல் தாளில் அந்தப் பழைய தேதி இன்றும் இருக்கிறது. அதை நான் அடிக்கவில்லை. அதன் கீழே இப்போது பிலேமோன் என்று எழுதி, எட்டு வாரத்தையும் குறித்திருக்கிறேன். இடம் இன்னும் நிறைய இருக்கிறது. வியாழக்கிழமைகளில் இப்போது யாக்கோபின் கடிதம் படிக்கிறோம். தேநீரும் உண்டு. விரும்பும் நண்பர்கள், எச்சமயத்தவராயினும், வரலாம். ஒரே ஒரு விதி: கற்றதை வாசலில் வைத்துவிட்டு, கண்டதைச் சொல்ல வேண்டும்.